ஈடு வைக்க என்ன இருக்கிறது?

கொட்டகலைக் கடைவீதிக்குச் சற்று அப்பால் 10 பேர்ச் காணி ஒன்றை நாம் வாங்கினோம். லயத்து அறையிற் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கிற் படித்து, ஆசிரியத் தொழிலுக்கு வந்த எமக்குச் சொந்த மண்ணில் ஒரு வீடு என்பது மூன்று தலைமுறையின் ஆசை. நொத்தாரிசின் கந்தோரில் உறுதி கையெழுத்தான செய்தி எவ்வாறு பரவிற்றோ அறியோம். அடுத்த மாதமே இரண்டு வங்கிகளின் உத்தியோகத்தர்கள் பாடசாலை வாசலுக்கே எம்மைத் தேடி வந்தார்கள்.

முதலில் வந்தவர் வீட்டுக் கடனுக்கு ஒரு வட்டி வீதம் சொன்னார். மறுவாரம் வந்தவர் அதிலும் அரை வீதம் குறைத்தார். முதலாமவர் மீண்டும் வந்து, காணி மதிப்பீட்டுச் செலவையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் வங்கியே ஏற்கும் என்றார். இரண்டாமவர் மேலும் ஒரு படி சென்றார். வேறிடத்தில் எமக்குக் கடன் இருந்தால் அதனைத் தமது வங்கியே தீர்த்து, முழுக் கணக்கையும் தம்மிடம் மாற்றிக்கொள்ளும் என்றார். தேநீர் இடைவேளையில், ஆசிரியர் அறையில் எமது மதிப்பு ஒரு கிழமைக்கு உயர்ந்திருந்தது. எமக்கும் பெருமை இல்லாமற் போகவில்லை.

பத்திரங்களை வாசிக்கத் தொடங்கியபோதுதான் அப்பெருமை குறைந்தது. குறைத்துச் சொன்ன வட்டி முதல் 2 ஆண்டுகளுக்கு மட்டுமே. பின்னர் அது சந்தையோடு ஏறி இறங்கும். கடனை முன்கூட்டியே தீர்த்தால் தண்டப்பணம் உண்டு. மாதச் சம்பளம் அவ்வங்கிக்கே வந்து சேர வேண்டும். வட்டி சந்தையோடு ஏறும் என்பதன் பொருளை இந்நாட்டு மக்கள் அறிவர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றிருந்தோரின் தவணையும் உயர்ந்தது. போட்டி முதல் 2 ஆண்டுகளுக்கே நடக்கிறது. எஞ்சிய 18 ஆண்டுகளுக்குக் கடனாளி ஒருவனே, கடன்காரனும் ஒருவனே.

இக்காலத்தில்தான் எமது மாணவி ஒருத்தியின் தந்தை எம்மைக் காண வந்தார். தோட்டத்திற் கவ்வாத்து வெட்டுபவர். வீடமைப்புத் திட்டமொன்றில் 7 பேர்ச் நிலத்தில் அமைந்த புது வீட்டிற் குடியிருப்பவர். உயர்தரம் படிக்கும் மகளுக்காக ஓர் அறையைக் கூட்டிக் கட்ட விரும்பினார்.

"மாஸ்டர், அந்த பேங்க் ஐயாகிட்ட எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். மாசம் தவறாம கட்டிருவேன்" என்றார்.

சனிக்கிழமை அவரை ஹட்டனுக்கு அழைத்துச் சென்றோம். எம்மைத் தேடி வந்த அதே உத்தியோகத்தர் மரியாதையோடுதான் வரவேற்றார். "காணி உறுதி இருக்கிறதா?" என்று கேட்டார். தந்தை ஒரு பொலித்தீன் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். உத்தியோகத்தர் அதை இருமுறை வாசித்தார். "இது வீட்டைக் கையளித்த கடிதம். ஈடு எழுதுவதற்கு உறுதி வேண்டும், அண்ணே" என்றார். அவர் மீது குற்றமில்லை. தனக்கு உரித்தில்லாததை எவரும் ஈடு வைக்க முடியாது என்பது சட்டம். சம்பளத்தைக் காட்டலாமே என்று நாம் கேட்டோம். பேர் விழுந்த நாட்களுக்கு மட்டும் கிடைக்கும் சம்பளத்தை நம்பி 20 ஆண்டுக் கடன் கொடுப்பதில்லை என்றார்.

வெளியே வந்தபோது தந்தை கடிதத்தை முன்போலவே மடித்து வைத்தார். "நாலு தலைமுறையா இந்த மண்ணுலதான் இருக்கோம், மாஸ்டர். கடதாசி மட்டும் கெடைக்கல" என்றார்.

இவருக்காகப் போட்டியிடும் கடன்காரர் எவருமே இல்லையா? இருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்குச் செல்லும் வழியிலேயே அவர்களின் பலகைகள் தொங்கின. பவுணுக்கு எம்மிடமே அதிகம் என்றது ஒன்று. ஐந்து நிமிடத்திற் பணம் என்றது அடுத்தது. வட்டி குறைவு என்று பெரிய எழுத்திற் சொன்ன பலகையை மட்டும் நாம் காணவில்லை. நகை அடகில் நடக்கும் போட்டி கூடக் கொடுப்பதிலேயே நடக்கிறது. கூடக் கொடுத்தால் மீட்பது கடினம்; மீட்காத நகை ஏலத்துக்குப் போகும். 2013இல் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை சரிந்தபோது, போட்டி போட்டுக் கொடுத்த இந்நாட்டு வங்கிகளே பெரும் நட்டமடைந்தன. அடுத்த ஆண்டு மத்திய வங்கி அவற்றுக்காகக் கடன் உத்தரவாதத் திட்டமொன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நகையை இழந்த பெண்களுக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

கடன் கொடுப்போரின் போட்டி மலையகத்துக்குப் புதியதன்று. துண்டு முறை என ஒன்று இங்கே இருந்தது. தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவையும் அரிசியையும் கம்பளியையும் அவர்கள் கணக்கிற் கடனாகவே எழுதினான். அக்கடன் தீராமல் தொழிலாளி தோட்டத்தை விட்டு அகல முடியாது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய துண்டுச் சீட்டை வைத்து, வேறொரு தோட்டம் பழைய கடனைத் தீர்த்து ஆட்களைக் கொண்டுபோகும். தொழிலாளருக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோதெல்லாம் தோட்டங்கள் ஒன்றையொன்று முந்தின, முன்பணம் ஏறிற்று. அந்த ஏற்றமெல்லாம் தொழிலாளியின் பற்றிலேயே விழுந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. பழைய கடனைத் தீர்த்துக் கணக்கை மாற்றிக்கொள்வதாக எம்மிடம் உரைத்த உத்தியோகத்தரை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். முறை ஒன்றே, ஈடுதான் வேறு. அன்று ஈடாக நின்றது மனிதனின் உடல்.

நிலமோ இம்மலைகளில் எக்காலத்தும் நல்ல ஈடாகவே இருந்தது. கோப்பித் தோட்டங்களை நம்பிக் கடனை வாரி வழங்கிய ஓரியண்டல் வங்கி, இலைநோயாற் கோப்பி அழிந்தபின் 1884இல் முறிந்தது. நில உடைமையாளர் நீண்டகாலக் கடன் பெறும்பொருட்டு 1931இல் அரச ஈட்டு வங்கி நிறுவப்பட்டது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனுக்கு இவற்றிற் பங்கில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. லயம் லயமாகவே நின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை அளித்தது, காணி அளிக்கவில்லை. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். உறுதி பெற்ற குடும்பங்கள் இன்று உண்டு. பெறாத குடும்பங்கள் அவற்றினும் மிகப் பல.

நாம் கடன் பத்திரத்திற் கையெழுத்திட்டோம். அதை இங்கே மறைப்பது நேர்மையன்று. அத்திவாரம் போட்டாயிற்று. அந்தத் தந்தையும் அறையைக் கட்டிவிட்டார். பவுணுக்கு அதிகம் தந்த கடையில் மனைவியின் தோட்டை வைத்துக் கட்டினார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அத்தாயின் காதில் ஈர்க்குச்சி இருந்தது. அவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். எமக்குச் சிரிக்க முடியவில்லை.

போட்டி வளர்ந்தால் வட்டி குறையும், கடன் எளிதாகும் என்று பொருளியல் நூல்கள் கூறுகின்றன. ஈடு உள்ளவனுக்கு அது ஓரளவு உண்மை. ஈடு இல்லாதவனிடம் போட்டி அவனது கடைசிப் பொருளைத் தேடியே வருகிறது. ஆகவே, குடியிருக்கும் நிலத்தின் உறுதி ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வேண்டும். அந்த உறுதி மறுநாளே வட்டிக் கடைக்குப் போகாமற் காக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும். ஆசிரியராகிய நாம் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கூட்டு வட்டிக் கணக்கைப் பாடநூலோடு நிறுத்தாமல், கடைவீதியில் விநியோகிக்கப்படும் கடன் துண்டுப்பிரசுரங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து, சிறிய எழுத்துகளையும் மாணவருக்கு வாசித்துக் காட்டலாம். நாம் கையெழுத்திட்ட பத்திரத்திலிருந்தே அப்பாடத்தைத் தொடங்கியிருக்கிறோம்.