புல்லைப் பிடுங்கினார்கள்... பண்ணைகள் புதைந்தன!

ஸ்காட்லாந்தின் வடக்கே, நெஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது இன்வர்னெஸ் நகரம். இங்கே வரும் பயணிகள் பலரும் தெற்கே உள்ள லாக் நெஸ் ஏரிக்குப் போய், அதற்குள் இருப்பதாகச் சொல்லப்படும் பூதத்தைத் தேடிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். விவசாயம் தெரிந்தவர்கள் கிழக்கே, கடற்கரைப் பக்கம் போக வேண்டும். அங்கே பார்ப்பதற்கு ஒரு காடும், அந்தக் காட்டுக்கு அடியில் ஒரு பாடமும் இருக்கின்றன.

அதற்கு முன், நகரத்தைச் சுற்றி ஒரு நாள். ஆற்றின் நடுவே உள்ள சிறுசிறு தீவுகளைத் தொங்குபாலங்கள் இணைக்கின்றன. நிழலில் நடந்தே சுற்றி வரலாம். வடக்கே சானன்ரி முனையில் டால்பின் பார்க்கப் படகே தேவையில்லை. கடல் ஏற்றம் தொடங்கும்போது சால்மன் மீன்களைத் துரத்திக்கொண்டு அவை கரைக்கு மிக அருகிலேயே வந்துவிடும். கிழக்குச் சாலையில், 1746 ஏப்ரல் 16-ம் தேதி போர் நடந்த கலோடன் பொட்டல் வருகிறது.

அதே திசையில் நெய்ர்ன் என்ற கடற்கரை ஊர். இன்வர்னெஸிலிருந்து ரயிலிலேயே போகலாம். நெய்ர்னுக்கும் ஃபிண்ட்ஹார்ன் ஆற்றுமுகத்துக்கும் இடையில் கடலோரமாக நீள்கிறது கல்பின் காடு.

ஒரு காலத்தில் இது காடு அல்ல. நல்ல விளைச்சல் கண்ட பண்ணை நிலம். இந்த வட்டாரத்தின் தானியக் களஞ்சியம் என்று பெயர் எடுத்த இடம். கரையோர மணல்மேடுகளை மேரம் என்னும் புல் பிடித்து வைத்திருந்தது. தமிழகக் கடற்கரையில் ராவணன் மீசை செய்யும் அதே வேலை. கூரை வேய அந்தப் புல் உதவியதால், ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். பிடிமானம் போன மணல், காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குள் வந்தது. 1694-ல் அடித்த பெரும் புயலில் பண்ணைகளும் பண்ணையார் வீடும் புதைந்தன. அறுப்பு நடந்த பார்லி வயலை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் ஓடினார்கள் என்று அங்கே இன்றும் சொல்வார்கள்.

நில உரிமையாளர் அலெக்சாண்டர் கின்னெய்ர்ட் வரி தள்ளுபடி கேட்டு 1695-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார். மணல்மேட்டுப் புல்லைப் பிடுங்கக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டமும் வந்தது. ஆனால், நிலம் திரும்பி வரவில்லை. 1698-ல் அவர் எஸ்டேட்டை விற்றுவிட்டார்.

அதன்பின் 200 ஆண்டுகளுக்கும் மேலாக மணல் அலைந்தது. 1920-களில் அரசு வனத்துறை பொறுப்பேற்று, மணல்மேல் சுள்ளிகளையும் மரக்கிளைகளையும் மூடாக்காகப் பரப்பி, இடையே பைன் கன்றுகளை நட்டது. அதுதான் இன்றைய காடு. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதைகள் இருக்கின்றன. ‘ஹில் 99’ என்பது 99 அடி உயர மணல்மேடு. அதன் மேலுள்ள கோபுரத்தில் ஏறினால் பைன் உச்சிகளும், அவற்றைத் தாண்டிக் கடலும் தெரியும். கோடையில் பக்கத்து ஃபிண்ட்ஹார்ன் விரிகுடாவில் விரால் அடிப்பான் பருந்து மீன் பிடிப்பதைப் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தில் நடந்து செல்ல நிலங்களைத் திறந்துவிட்டிருக்கிறது 2003-ம் ஆண்டின் சட்டம். ஆனால், பயிர் நிற்கும் வயலுக்குள் கால் வைக்கக் கூடாது. ஓரமாகத்தான் போக வேண்டும். மூடியிருந்த கேட்டைத் திறந்தால் மறுபடி மூட வேண்டும். கன்றும் ஆட்டுக்குட்டியும் மேயும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது.

காட்டைக் கடந்து கடலோரம் வந்தால், மணல்மேட்டின் மீது மேரம் புல் காற்றில் சாய்ந்து நிற்கிறது. அதன் வேர்கள் இன்னமும் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.