மெருகும் பற்றும்

வகாரம் பிறப்பதற்கு மேற்பல் கீழிதழோடு பொருந்த வேண்டும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் செய்தி. இருபது ஆண்டுகளாக இதனை வகுப்பில் கற்பித்துவரும் நாம், வண்டியிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்றை இழந்த பின்னரே அதன் உண்மையை உணர்ந்தோம். 'வள்ளுவர்' என்று தொடங்கினால் சீழ்க்கையே முதலில் வந்தது. முன்வரிசை மாணவர்கள் தலைகவிழ்ந்து சிரித்ததையும் கண்டோம். பேச்சையே பிழைப்பாகக் கொண்டோர்க்கு இது சிறிய இழப்பன்று.

பல் மருத்துவர், நம் பழைய மாணவர் ஒருவரின் தங்கை. எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகின் மாதிரியைக் காட்டினார். பளபளப்பின்றிச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. "நன்கு மெருகேற்றியது இல்லையா அம்மா?" என்றோம். "மெருகு கூடினால் எலும்பின் பிடிப்புக் குறையும் ஐயா" என்றார் அவர்.

அவர் சொன்னதையும் பின்னர் நாம் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம். 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றபோது, அஃது எலும்போடு ஒன்றியிருக்கக் கண்டார். 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் திருகுகளைப் பதித்தார். கடைசல் பிடித்த அக்காலத் திருகுகள் ஏறக்குறைய மழமழப்பானவை. எலும்பு பற்றுவதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் மணல்போன்ற துகள்களை வீசியும் அமிலத்தில் தோய்த்தும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினர். 1991இல் வெளியான, பன்றிகளிடம் செய்த ஆய்வொன்றில், மின்முறையில் மெருகேற்றிய பரப்பில் 20 முதல் 25 விழுக்காடே எலும்பு தொட்டிருந்தது. பெருந்துகள் வீசி அமிலம் தோய்த்த பரப்பிலோ 50 முதல் 60 விழுக்காடு. காரணம் எளியது. திருகைச் சூழ்ந்து உறையும் குருதியில் ஃபைப்ரின் என்னும் நாரிழைகள் தோன்றுகின்றன. எலும்பாக்கும் உயிரணுக்கள் அவ்விழைகளைப் பற்றி இழுத்தபடியே திருகை நோக்கி ஊர்கின்றன. வழுவழுப்பான பரப்பில் இழைகள் கழன்றுவிடும், சொரசொரப்பில் தங்கிநிற்கும்.

அதற்காகச் சொரசொரப்பு எத்துணை மிகினும் நன்று என்பதும் இல்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு அளவான மேடுபள்ளமே உகந்தது என்கின்றனர். மிகையான சொரசொரப்பு வாய்க்குள் வெளிப்பட்டால் அங்கே கிருமிகள் குடியேறும்.

இனி ஓர் ஒப்புதல். நமக்குப் பதித்த முதல் திருகு நிலைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது அது ஆடியது. "மட்டமான திருகோ?" என்று சற்றுக் கடிந்தே கேட்டோம். மருத்துவர் பொறுமையாக, "சிகரெட்டை விட்டுவிட்டீர்களா ஐயா?" என்றார். புகை குருதியோட்டத்தைச் சுருக்கி எலும்பு ஆறுவதைக் கெடுக்கும் என்று முதல்நாளே எச்சரித்திருந்தார். விட்டுவிட்டதாகவே அவரிடமும் இல்லாளிடமும் சொல்லியிருந்தோம். கல்லூரிக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடைக்காரர் ஒருவருக்கே உண்மை தெரியும். அன்று மருத்துவரிடம் பொய் சொல்ல நாவெழவில்லை. அவரும் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார். அன்று மாலையே இல்லாளிடமும் சொன்னோம். இரண்டு நாள் அவர் நம்மோடு பேசவில்லை.

எலும்பு ஆறியபின் இரண்டாம் திருகு பதிக்கப்பட்டது. அதுவும் அதே வகைதான். இம்முறை தேநீர்க் கடைப்பக்கமே போகவில்லை. அது பற்றிக்கொண்டது.

சென்ற வாரம் பிறப்பியல் வகுப்பு. வகாரத்தைச் சொல்லிக் காட்டினோம். எவரும் சிரிக்கவில்லை. மாணவி ஒருத்தி மட்டும் இதழில் பல்லை வைத்துத் தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.