ஒல்லியா இருந்தா சுகர் வராதா?

உங்க கிளாஸ்ல அப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். மூணு பிளேட் பரோட்டாவை உள்ளே தள்ளினாலும் பேன்ட் இடுப்பில் நிற்காது. 'எதைத் தின்னாலும் எனக்கு ஒட்டாது மச்சி'ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்குவார். ஒருவேளை அது நீங்களேவா? அப்ப வாங்க, நாம ஒரே கட்சி. ஹாஸ்டலில் எனக்கு 'ஈர்க்குச்சி' என்றுதான் பெயர்.

நம்ம கட்சிக்கு ஒரு தலைவரே இருக்கிறார். புனே கே.இ.எம். மருத்துவமனையின் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். இவரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்று, 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நியூட்ரிஷன் படிக்கிற எங்களுக்கு அதை கிளாஸில் காட்டினார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு ரெண்டு பேருக்கும் 22.3. அச்சு அசல் ஒரே நம்பர்! ஆனா ஸ்கேன் எடுத்து உடம்புக் கொழுப்பைப் பார்த்தால், யுட்கினுக்கு 9.1 சதவிகிதம். நம்மாளுக்கு 21.2!

எப்படி? கொழுப்பு கூடின அளவுக்கு தசை முதலானவை குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கி வைக்கிற குடோன், தசைதான். குடோன் சின்னதா இருந்தா சரக்கு ரோட்டில்தானே நிற்கும்? வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்துட்டா, இன்சுலின் பேச்சையும் உடம்பு சரியா கேட்காது.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது இது இல்லை. புனே பக்கத்தில் ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் அவங்க பெற்ற பிள்ளைகளையும் யாஜ்னிக் குழு 1990-களிலிருந்து கவனித்து வருகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. குறைந்ததில் தசையும் வயிற்று உறுப்புகளும்தான் அதிகம். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவே இல்லை! பிறந்த அன்னிக்கே 'ஒல்லிக் குண்டு'. அந்தப் பாப்பா பீட்சாவை எங்கேங்க பார்த்துச்சு?

இதை எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் பிரின்ட் எடுத்துக் கொடுக்கணும். அப்பா பஸ் கண்டக்டர், 54 கிலோ. அடிக்கடி தாகம், அசதி என்று ஒரு கிளினிக்குக்குப் போனவரை, 'ஒல்லியாத்தானே இருக்கீங்க, ஒண்ணும் இருக்காது' என்று டெஸ்ட்டே எழுதாமல் அனுப்பிட்டாங்க. சுகர் என்று தெரிந்தபோது வயது 44. அதற்குள் ஒரு கண்ணில் பாதிப்பு. அப்புறமும் வீட்டுக்கு வருகிறவங்க கேட்கிற ஒரே கேள்வி, 'திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடறியா?'

இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் என்று 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. பார்டரில் நிற்கிறவங்க இன்னும் 13.6 கோடி. அதில் எத்தனை ஈர்க்குச்சிகளோ!

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். எடை மெஷினை விடுங்க, டெய்லர் கடை இஞ்ச் டேப்பை எடுங்க. நம்ம ஊர் உடம்புக்கு இடுப்புச் சுற்றளவு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டக் கூடாது. வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தா, டேப் என்ன சொன்னாலும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. நான் பண்ணினேன். 46 கிலோ, இடுப்பு 76. மூணு மாச சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டில் 5.8. 5.7-லேயே பார்டர் ஆரம்பம்!

பட்டினி கிடந்தா இருக்கிற கொஞ்சம் தசையும் போயிடும். அதனால மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிச்சு சாப்பிடறேன் (இதுவே ஒரு ஆராய்ச்சி!). சாயங்காலம் மொட்டை மாடியில் தோப்புக்கரணம். அப்பா தினமும் போன் போட்டு எண்ணிக்கை கேட்கிறார். நேத்து 40.