வடக்குக் கரை

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் உதைபந்தாட்டம் பார்க்கக் காசு கொடுத்த நினைவு எனக்கு இல்லை. பின்னேரம் மைதானத்துக்குப் போனால் ஆட்டம் நடக்கும். மதிலில் இடம் கிடைத்தால் மதில், இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே மணலில் குந்தவேண்டியதுதான். நாவாந்துறைக்காரரோடு ஆட்டம் என்றால் வலை பொத்துகிறவர்களும் ஊசியை அப்படியே குத்திவிட்டு எழும்பி வந்துவிடுவார்கள். ஆட்டம் கடலைப் போல எல்லாருக்கும் உரியது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

1990இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் மற்றவன் எழுந்துபோன பாயில் நித்திரை. அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிரீன் ஸ்ட்ரீட். சேலைக் கடைகள், நகைக் கடைகள், குவீன்ஸ் மார்க்கெட்டில் முருங்கைக்காய். அந்தத் தெருவிலேயே, ஒரு கத்தோலிக்கக் கோயிலை ஒட்டியபடி, வெஸ்ட்ஹாம் கழகத்தின் மைதானம். போலின் மைதானம் என்பது அதன் பெயர். ஆனால் எல்லாரும் அப்டன் பார்க் என்றே சொன்னார்கள். 1904இலிருந்து அது அங்கே இருந்தது.

ஞாயிறுகளில் அந்தக் கோயிலுக்குப் பூசைக்குப் போவேன். வெளியே வரும்போது மைதானத்தின் இரும்புக் கதவுகள் பூட்டிக் கிடக்கும். முதல்நாள் ஆட்டத்தின் குப்பை மதிலோரம் ஒதுங்கியிருக்கும். எங்களுக்கு முன்னமே வந்த அண்ணை ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். "சனிக்கிழமை மத்தியானம் உந்தத் தெருவிலை திரியாதை தம்பி. குடிச்சுப்போட்டு வருவாங்கள். எங்கடை நிறத்தைக் கண்டா விடமாட்டாங்கள்." அவர் சொன்னது வீண் பயமில்லை. ஆட்ட நாளில் சில கடைகள் கதவை இழுத்து மூடியதை நானே கண்டிருக்கிறேன். மைதானங்களில் இனவெறிக் கோஷம் போடுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1991இல்தான் வந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். துறைமுகத்தில் வேலை செய்தவர். ரோயல் டொக்ஸ் 1981இல் மூடப்பட்டபின் கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் பெற்றோல் நிலையத்துக் காசுப்பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றவர். "நோர்த் பாங்க்" என்றார். பாங்க் என்றால் கரைதானே. வடக்குக் கரை. கடற்கரையில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லே துணிவைத் தந்தது.

முன்பதிவு, அட்டை, பெயர் ஒன்றும் தேவைப்படவில்லை. செங்கல் சுவரில் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி. அதற்குள் இரும்புச் சுழல்கதவு. கம்பிக்குப் பின்னால் இருப்பவரிடம் காசை நீட்டினால் காலால் எதையோ மிதிப்பார், கதவு கடக்கென்று விட்டுக்கொடுக்கும், உள்ளே போய்விடலாம். எனக்கு அப்போது மணிக்கு இரண்டரைப் பவுண் சம்பளம். உள்ளே போக ஏறத்தாழ மூன்று மணி நேர வேலை. இன்றுவரை நான் டிக்கெட் விலையை அப்படித்தான் கணக்கிடுகிறேன்.

இரண்டு மணிக்கு எழும்பி, சன்னலால் பார்த்து, மழை இல்லையென்றால் போகலாம் என்று முடிவுசெய்ய முடிந்த காலம் அது. விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கையில் சில்லறை இருந்தால் போகலாம் என்பதுதான் பெரிய சுதந்திரம். பள்ளிக்கூடப் பொடியன்கள் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். வேலை இல்லாதவன் ஒரு வாரம் வராமல் அடுத்த வாரம் வருவான். இரவு வேலைக்காரன் கண் எரிய எரிய வந்து நிற்பான்.

உள்ளே படிப்படியாகக் கொங்கிறீற்று. அங்கங்கே இடுப்பு உயர இரும்புத் தடைகள். சிகரெட் புகை, வெங்காயம் பொரிகிற மணம், ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை. ஆட்டம் தொடங்குமுன் கழகத்தின் பாட்டுக்குச் சவர்க்காரக் குமிழிகளை ஊதுவார்கள். கருஞ்சிவப்பும் இளநீலமுமாய் நிற்கும் கூட்டத்துக்கு மேலாக அவை காற்றில் நழுவிப் போகும். சின்னப் பிள்ளைகளைத் தலைகளுக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றி முன்னுக்கு அனுப்புவார்கள். முன்பின் தெரியாத கைகளில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தகப்பன் பின்னால் நின்று பார்ப்பான். அந்தக் காட்சியைக் கண்ட பிறகு எனக்கு அந்த இடத்தின் மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை. போகக்கூடாத நாளும் இருந்தது. என்னை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்களும் இருந்தன. ஒருநாள் ஒருவன் என் காலடியில் துப்பினான். கிழவர் ஒன்றும் பேசாமல் என்னைத் தனக்கு இந்தப் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பருவத்தில்தான் பிணைப்பத்திரக் கதை வந்தது. 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல், காலப்போக்கில் 97 உயிர்களைக் கொண்டுபோனது. அதை விசாரித்த நீதிபதி டெய்லர், 1990 ஜனவரி அறிக்கையில், பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றார். அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். இருக்கை என்பதற்காக விலையை ஏற்றத் தேவையில்லை. கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண், இருக்க 6 பவுண்தானே என்று எடுத்துக்காட்டினார். இருக்கைகளைப் போட்டார்கள். விலை பற்றிச் சொன்னதை விட்டுவிட்டார்கள். இந்த ஒரு விடயத்தில் என் மனம் இன்றும் ஆறவில்லை. செத்தவர்களின் பெயரால் செய்த திருத்தம், செத்தவர்களைப் போன்றவர்களையே வாசலில் நிறுத்துவதில் முடிந்தது.

இருக்கை போடும் செலவுக்காக வெஸ்ட்ஹாம் பிணைப்பத்திரம் வெளியிட்டு, ரசிகர்களிடம் 500 பவுணிலிருந்து 975 பவுண்வரை கேட்டது. அது டிக்கெட்டின் விலை அல்ல. பருவ டிக்கெட்டை வாங்கும் உரிமைக்கு மட்டும். டிக்கெட்டுக்கு வேறு காசு. கிழவர் எனக்கு அதை விளங்கப்படுத்தியபோது என் ஆங்கிலம்தான் பிழை என்று நினைத்து மூன்று முறை திருப்பிக் கேட்டேன். சனிக்கிழமைகளில் கூட்டம் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டு இயக்குநர்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. 1992 பெப்ரவரி முடிவில் எவர்டனோடு நடந்த ஆட்டத்தில் ஒரு மனிதன் மூலைக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் மைதானத்தின் நடு வட்டத்தில் அமர்ந்தான். அவன் அடிக்கவுமில்லை, உடைக்கவுமில்லை. வெறுமனே இருந்தான். எங்கள் ஊரில் சத்தியாக்கிரகம் என்று கேட்டு வளர்ந்தது அப்போது நினைவுக்கு வந்தது. பத்திரங்கள் கொஞ்சம்தான் விற்றன. அணியோ அந்தப் பருவத்தில் கடைசி இடத்துக்கு வந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 1992இல் பிரீமியர் லீக் என்ற புதிய பணக்கார வீடு திறந்தபோது வெஸ்ட்ஹாம் அதன் படியில்கூட நிற்கவில்லை. அடுத்த ஆண்டு கூட்டம் மெலிந்தது. வடக்குக் கரையில் கையை நீட்டி நிற்கலாம் போல இருந்தது.

குறைந்த விலை மட்டுமே மைதானத்தை நிரப்பிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1948-49 பருவத்தில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள் வந்தார்கள். 1985-86இல் அது 1 கோடியே 65 லட்சமாகிவிட்டது. அப்போதும் டிக்கெட் மலிவுதான். அடிதடி, வேலையின்மை, பிராட்ஃபோர்ட் மைதானத் தீயில் 56 பேர் வெந்துபோன பயங்கரம் எல்லாம் சேர்ந்து சனத்தை வீட்டில் இருத்தின. பிறகு மைதானங்கள் பாதுகாப்பாயின, விலையும் ஏறியது, கூட்டமும் ஏறியது. அதைக் காட்டித்தான் கழகங்கள் வாதாடுகின்றன. இருக்கை நிரம்புகிறதே, அப்படியானால் விலை சரிதானே என்று. எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. நான் முகங்களைப் பார்த்தவன்.

1993 பெப்ரவரியில் பொபி மூர் காலமானார். 1966இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய தலைவன், வெஸ்ட்ஹாம்காரன். மைதானத்தின் பெரிய கதவு முழுவதும் கழுத்துத்துணிகளும் பூக்களும் கட்டியிருந்தார்கள். பூசை முடிந்து வந்தவர்களில் சிலர் அங்கேயும் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்கள். அதன்பின் தெற்குப் பக்கத்தை இடித்து அவர் பெயரில் இருக்கை மண்டபம் கட்டினார்கள். 1995இல் வடக்குப் பக்கமும் மாறியது. 1970இல் டொட்டன்ஹாமோடு ஆடிய நாளில் 42,322 பேரைக் கொண்ட மைதானம் அது. கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 35,000 இருக்கைகள்.

கிழவரைப் பிறகு அங்கே காணவில்லை. ஒருநாள் குவீன்ஸ் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு தெரிந்துகொண்டு நின்றார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். முன்னமே காசு கட்டி, முன்னமே நாள் குறித்து, யாரென்று தெரியாதவன் பக்கத்தில் இருக்கத் தன்னால் முடியாது என்றார். தன்னோடு நின்ற ஐந்து பேரில் இருவரால் காசு கட்ட முடியவில்லை, அவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் போவதா என்றும் கேட்டார். ஒரு டிக்கெட் விலை ஏறினால் ஒருவன் குறைவான் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடாது. ஒருவனால் முடியாமல் போனால் அவனோடு ஐந்து பேர் போய்விடுவார்கள்.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. மகன் பிறந்தான். அவனுக்கு ஏழு வயதானபோது கூட்டிக்கொண்டு போனேன். அதன்பின் இரண்டு டிக்கெட்டுக்கு வீட்டின் ஒரு வாரச் சாமான் காசு போகும் என்று ஆனது. எதிரணியின் பெயரைப் பார்த்து ஆட்டங்களை வகுத்து விலை போட்டார்கள். பெரிய அணி வந்தால் ஒரு விலை, சின்ன அணி வந்தால் வேறு விலை. ஆகவே என் மகன் சின்ன அணிகளை மட்டுமே நேரில் கண்டு வளர்ந்தான். 2015இல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 6.70 பவுண். பெரிய அணி வரும் நாளில் நல்ல இடத்திலிருந்து பார்க்கப் பத்து மணி நேர வேலைக்காசு கொடுத்தாலும் போதாது. மூன்று மணி நேரம் பத்தாக மாறிய அந்த இடைவெளியில்தான் நாங்கள் வெளியே விழுந்தோம்.

இருந்தாலும் எங்களுக்கு ஒன்று மிஞ்சியது. மைதானத்துக்கு அண்மையில் வீடு எடுத்திருந்தோம். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும். பந்து நடுவில் உருண்டுகொண்டிருக்கும்போதே சன்னலுக்கு வெளியே ஒரு முழக்கம் எழும்பும். மகன் என்னைப் பார்ப்பான். சில விநாடி கழித்துத்தான் திரையில் கோல் விழும். செய்மதியைச் சுற்றி வருவதற்கு முன்னமே தெருவால் வந்துவிடும் சத்தம் அது.

2016 பெப்ரவரியில் லிவர்பூல்காரர் செய்ததைக் கேள்விப்பட்டபோது நான் உண்மையாகவே கைதட்டினேன். 77 பவுண் டிக்கெட் வரப்போகிறது என்று அறிந்ததும், சண்டர்லாண்டோடு ஆடிய நாளில் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழும்பி வெளியே நடந்தார்கள். 2-0 என்று முன்னால் நின்ற அணி, அவர்கள் போனபின் 2-2 என்று முடித்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண் உச்சவரம்பு வைக்கக் கழகங்கள் ஒப்புக்கொண்டன. அந்த வேளையில் பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மூன்று பருவங்களுக்கு 500 கோடிப் பவுணுக்கு மேல் விலைபோயிருந்தது. வாசலில் வாங்கும் காசு இல்லாமலே வாழக்கூடியவர்கள் வாசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு வெஸ்ட்ஹாம் ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்குக்குப் போனது. அங்கே ஒரு நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மிகக் குறைந்த பருவ டிக்கெட் 289 பவுண், பழைய மைதானத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழ். பிள்ளைகளுக்கு 99 பவுண். ஐம்பதாயிரத்துக்கும் மேலானோர் வந்தார்கள். விலை இறங்கினால் சனம் வரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பின்னாளில், 2024இல், சலுகைகளைக் குறைக்கக் கழகம் முனைந்தபோது எழுந்த எதிர்ப்பும் அதே சாட்சிதான். மகன் வேலைக்குப் போனபின் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். ஓட்டப்பாதைக்காகக் கட்டிய அரங்கு என்பதால் புல் எங்கோ தொலைவில் கிடந்தது. பக்கத்துக் கடல் பின்வாங்கிப் போனதைப் போல இருந்தது எனக்கு.

பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஞாயிறு பூசைக்கு அந்தக் கோயிலுக்குத்தான் இன்னும் போகிறேன்.

2016 மே 10ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அந்தப் பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைட்டெட்டோடு. எங்களிடம் டிக்கெட் இல்லை. இருந்தாலும் வீட்டில் இருக்க மனம் வரவில்லை. கிரீன் ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், அதில் பாதிப்பேர் எங்களைப் போல டிக்கெட் இல்லாதவர்கள். எதிரணியின் பஸ் மேல் போத்தல் எறிந்ததால் ஆட்டம் முக்கால் மணி நேரம் பிந்தியது. அதைக் கண்டு வெட்கப்பட்டவர்களும் அங்கே நின்றார்கள். நாங்கள் ஒதுங்கி எங்கள் ஆள் ஒருவரின் கடை வாசலுக்கு வந்தோம். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு மேலே சின்னத் தொலைக்காட்சி. பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2-2.

நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். மைதானத்து விளக்குகளின் வெளிச்சம் கூரைகளுக்கு மேல் வெள்ளையாகக் கசிந்தது. திரையில் யாரோ ஒருவன் பந்தை வைத்து, பின்னுக்கு நடந்துகொண்டிருந்தான். அப்போது தெருவின் அந்தக் கோடியிலிருந்து அது எழும்பி வந்தது. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணை, அடிச்சாச்சோ?" என்று கேட்டான் காசுப்பெட்டியில் நின்ற பொடியன்.

மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன். திரையில் பந்து இன்னும் நிலத்தில்தான் இருந்தது.