பெயர் சொல்லாத குரல்கள்

மன்னார்த் தீவின் கரையோர ஊர்களிலே அயல்வீட்டுக்குச் செல்பவன் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்துவிடுவதில்லை. வெளியே நின்று குரல் கொடுப்பான். "ஆரது?" என்ற கேள்வி வீட்டிலிருந்து எழும். இன்னாருடைய மகன், இன்ன காரியமாக வந்தேன் என்று அவன் சொன்ன பின்னரே படலை திறக்கும். மனிதனுக்கு மனிதன் காட்டும் மிகக் குறைந்த மரியாதை இது. எச்சட்டமும் எமக்கு இதைக் கற்பிக்கவில்லை.

இன்றோ, படலையில் நில்லாது நேரே காதுக்குள் நுழையும் குரலொன்று வந்திருக்கிறது. கைத்தொலைபேசி ஒலிக்கிறது, எடுக்கிறோம். "வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுகிறோம்" என்கிறார்கள். எந்த நிறுவனத்தின் சேவை? எமது இலக்கத்தைக் கொடுத்தவர் யார்? விடையில்லை. ஆனால் எமது பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்கிறார்கள். தம் பெயரை மறைப்பவர் எம் பெயரைக் கேட்கும் விந்தையை என்னென்பது!

இரவு முழுவதும் கடலில் நின்று, விடியலில் கரையேறி, மீனை விற்றபின் முற்பகலிலே கண்ணயர்கிறான் பேசாலைத் தொழிலாளி. அந்த வேளையில்தான் மணி அடிக்கிறது. அணைத்து வைக்கலாமே என்பர் நகரத்து நண்பர். அணைத்துவிட்டால், இன்றிரவு தொழில் உண்டா இல்லையா என்ற செய்தி அவனுக்கு எவ்வழி வரும்? அவனது உறக்கமும் உழைப்பின் ஒரு பகுதியே. அதைப் பறிக்க எவருக்கு உரிமை?

"தெரியாத இலக்கமெனில் எடுக்காதீர்கள்" என்பது இன்னோர் அறிவுரை. எல்லோராலும் அது இயலுமா? எம் அயலிலே ஒரு தாய் இருக்கிறார். போரின் இறுதி ஆண்டுகளில் அவருடைய மகன் காணாமற்போனான். 2009இல் போர் முடிந்தது. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. மகனின் படத்தோடு அவர் ஏறாத படியில்லை. தம் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுக்காத இடமில்லை. தெரியாத இலக்கத்தை அவர் எப்படி விடுவார்?

ஒருநாள் நாம் அவர் வீட்டில் இருந்தபோது மணி ஒலித்தது. ஓடிச் சென்று எடுத்தார். "ஆர் பிள்ளை கதைக்கிறது?" எதிர்க்குரல் சிங்களத்தில் விரைந்து பேசியது. தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அந்த எழுத்து இக்குரலை எட்டவில்லை. விளங்காமல், நடுங்கும் கையால் எம்மிடம் நீட்டினார். நாம் கேட்டுச் சொன்னோம்: "விசேட சலுகையில் கடன் தருகிறார்களாம், அம்மா."

"அப்ப, அவனைப் பற்றி ஒண்டும் இல்லையோ, தம்பி?"

எமக்குக் கோபம் மூண்டது. எவர்மீது? எங்கோ ஓர் அறையில், எழுதிக் கொடுத்த வாசகத்தை நாள்முழுதும் ஒப்புவிக்கும் அந்த இளம்பெண்மீதா? அவளும் எம்மைப்போற் கூலிக்கு உழைப்பவள்தான். ஏசினால் வாங்கிக்கொள்வதும் அவளது சம்பளத்துக்குள் அடக்கம். அவளை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னே ஒளிந்திருக்கும் இலாபமே எமது கோபத்துக்கு உரியது.

இதைக் கட்டுப்படுத்த முடியாதென்பதில்லை. அழைப்பு வேண்டாமென்போர் தம் இலக்கத்தைப் பதியும் ஏற்பாட்டினை அமெரிக்கா 2003இலும் இந்தியா 2007இலும் செய்தன. அவையும் தொல்லையை முற்றாக ஒழித்துவிடவில்லை. எனினும் வேண்டாமென்று சொல்லும் உரிமையை ஏற்றுக்கொண்டன. எமது நாட்டிலும் 2022இல் நிறைவேறிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டுமென எழுதப்பட்டது. ஆயினும் சட்டம் ஏட்டிலே உறங்குகையில், எம்மவர் உறக்கம் கலைந்துகொண்டேயிருக்கிறது.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. அழைப்பவர் முதலில் தம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லட்டும். எமக்கு விளங்கும் மொழியிலே சொல்லட்டும். வேண்டாமென்றால் மீண்டும் வராதிருக்கட்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை ஊருக்கு எடுத்துச் சொல்லவேண்டும், ஒன்றுகூடிக் கேட்கவேண்டும்.

படலையில் நின்று பெயர் சொல்லும் பண்பு மன்னாரின் மிக எளிய குடிசைக்கும் தெரியும். மாளிகைகளில் இயங்கும் நிறுவனங்கள் அதைக் கற்றுக்கொள்ளட்டும். அந்தத் தாய் அடுத்த மணியோசைக்கும் ஓடத்தான் போகிறார்.