ஆட்குறைப்பா? முதலில் கணக்கைக் காட்டுங்கள்!

"பணம் இல்லை, என்ன செய்வது?" நிர்வாகம் இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் வாயடைத்துப் போவார்கள். இல்லாத பணத்துக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இங்கிலாந்தின் தொடர்கல்விக் கல்லூரிகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. பள்ளி முடித்த பையன் பிளம்பிங் கற்பதும், அகதியாக வந்த ஒரு தாய் ஆங்கிலம் கற்பதும் இங்கேதான். 2010-11 முதல் 2019-20 வரை இக்கல்லூரிகளில் 16-18 வயது மாணவர் ஒருவருக்கான செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், சுமார் 14% குறைந்தது.

நிதியை வெட்டுவது அரசு. ஆனால் எந்த வகுப்பை மூடுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது கல்லூரி நிர்வாகம். 1993-ல் இவை உள்ளாட்சி அமைப்புகளின் கையிலிருந்து பிரிந்து தனி அமைப்புகளாகிவிட்டன. ஆகவே தொழிற்சங்கப் பிரதிநிதி தட்ட வேண்டிய கதவுகள் இரண்டு.

முதல் கதவு கல்லூரி. தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கை எடுத்துப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. நஷ்டம் இந்த ஒரு வருடம் மட்டுமா, வருடா வருடமா? கையில் ரொக்கம் எவ்வளவு? அந்த நஷ்டத்தில் ஓய்வூதிய நிதிக்கான கணக்குச் சரிக்கட்டல் எவ்வளவு? அது ஏட்டில் இருக்கும் நஷ்டம். இந்த வருடம் பெட்டியிலிருந்து வெளியே போன பணம் அல்ல. கணக்கில் கிடைக்காத விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. ஒரே இடத்தில் 90 நாட்களுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் ஆட்குறைப்பு என்றால், முதல் ஆள் வெளியேறக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே சங்கத்துடன் பேச்சு தொடங்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வேலை நீக்கத்தைத் தவிர்க்க வழி உண்டா என்றும் பேச வேண்டும். அந்த நாட்களில் மாற்று பட்ஜெட் ஒன்றோடு போகும் பிரதிநிதிக்கு இருக்கும் மதிப்பு, வெறும் கோபத்தோடு போகிறவருக்குக் கிடைக்காது.

இரண்டாவது கதவு அரசு. அதைத் தட்டித் திறக்க முடியுமா? 2011-ஐப் பாருங்கள். இலவச ஆங்கில வகுப்பை, வேலை தேடுவோருக்கான உதவித்தொகை பெறுவோர் போன்ற சிலருக்கு மட்டும் என்று சுருக்க அரசு திட்டமிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்கள்தான் அதிகம் அடிபடுவார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் யூசியூ சங்கமும் சேர்ந்து இயக்கம் நடத்தினார்கள். "பணம் தா" என்பதோடு நிற்காமல், "இதனால் யாருக்குப் பாதிப்பு?" என்றும் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் அரசு சற்று இறங்கி வந்தது. மற்ற உதவித்தொகை பெறுவோருக்கும், வேலைக்கு ஆங்கிலம் தேவையென்றால், கல்லூரிகள் விரும்பினால் இலவசமாகக் கற்பிக்கலாம் என்றது.

முழு வெற்றி அல்ல. 'விரும்பினால்' என்ற சொல்லில் பிரச்சினை மறுபடியும் முதல் கதவுக்கே வந்துவிட்டது. அங்கே கணக்கு படிக்கத் தெரிந்த பிரதிநிதி ஒருவர் இல்லையென்றால், கிடைத்த சலுகையும் காகிதத்தோடு நின்றுவிடும்.

பட்ஜெட் என்பது தலையெழுத்து அல்ல. எதற்குச் செலவு, எதற்கு வெட்டு என்று யாரோ எடுத்த முடிவு அது. அந்த வகுப்பறையில் ஆங்கிலம் கற்கும் தாய்க்கு, டாக்டரிடம் தன் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று தானே சொல்ல முடியுமா, முடியாதா என்பதும் அந்த முடிவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட முடிவுக்குக் கணக்கு கேட்பதில் தப்பென்ன?