அலமாரியின் எண்ணும் நூலின் எண்ணும்

2024 ஜூன் 3, திங்கள்

நேற்று கொட்டிய மழையில் ஊரெங்கும் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. ஆட்டோக்காரர் மூன்று தெரு சுற்றித்தான் நூலக வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே நுழைந்ததும் நூலகர் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், பழைய தேடல் சிஸ்டம் இந்த மாசத்தோட நிக்குது. நீங்க சேவ் பண்ணின லிஸ்ட் எதுவும் புதுசுக்குத் தானா வராது. முப்பதாம் தேதிக்குள்ள எக்ஸ்போர்ட் பண்ணிக்குங்க."

ஏன் வராது என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். நூல்களின் பதிவும் உறுப்பினர் கணக்கும் ஒரு மென்பொருளில் இருக்கின்றன. அவை பத்திரமாகப் போய்விடும். நாம் பார்க்கும் தேடல் திரை அதன்மேல் போர்த்திய வேறொரு மென்பொருள். என் பட்டியல்கள் அந்தப் போர்வையில் இருக்கின்றன. இப்போது மாற்றுவது போர்வையைத்தான்.

1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்கின்போது கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்கள் என்ன ஆனார்கள் என்று ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏழு பட்டியல்கள். வீட்டுக்கு வந்து எண்ணி நோட்டில் குறித்தேன்: 412 பதிவுகள்.

ஜூன் 6, வியாழன்

ஏற்றுமதி செய்த கோப்பை விரிதாளில் திறந்ததும் நெஞ்சு பதறியது. தமிழ்த் தலைப்புகள் முழுவதும் கொம்பு முளைத்த இலத்தீன் எழுத்துகளாகக் கிடந்தன. பிறகு புரிந்தது, கோப்பில் கோளாறு இல்லை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. விரிதாள் அதை அறியாமல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டிவிட்டது. கோப்பை நேரடியாகத் திறக்காமல், இறக்குமதி வழியாகப் போய் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் தமிழ் திரும்பி வந்தது. பயந்துபோய் அந்தக் கோலத்திலேயே சேமித்திருந்தால் மீட்பது பெரும்பாடாகியிருக்கும்.

தமிழ் வந்தது, என் குறிப்புகள் வரவில்லை. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், இணைப்பு எல்லாம் இருக்கின்றன. "இதை எதற்காக எடுத்தேன்" என்று ஒவ்வொன்றின் அருகிலும் எழுதிய வரிகளுக்கு ஏற்றுமதியில் இடமே இல்லை. இன்றிரவே பழைய திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

கோப்பைப் புதிய அமைப்பில் ஏற்றினேன். 412இல் 271 உடனே பொருந்தின. மீதி 141 அநாதைகள்.

அந்த 141ஐ வரிசைப்படுத்திப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இயந்திரம் முதலில் பார்ப்பது ஐஎஸ்பிஎன் எண்ணை. அந்த எண்முறை உலகத் தரமானதே 1970இல்தான். பிளேக் காலத்து அறிக்கைகளுக்கும் நகராட்சிக் கோப்புகளுக்கும் பழைய தமிழ்ச் சிறுநூல்களுக்கும் அப்படியோர் எண் ஏது? புதிய புத்தகங்கள் சுலபமாகக் குடிபெயர்ந்துவிட்டன. என் ஆய்வின் உயிரான பழையவைதான் வாசலில் நிற்கின்றன.

எழுத்துக்கூட்டலும் சேர்ந்து படுத்துகிறது. ஒரே தமிழ்ப் பெயரை ஒரு பட்டியலாளர் ரோமன் எழுத்தில் அடிக்கோடும் மேற்கோடும் போட்டு எழுதியிருக்கிறார். இன்னொருவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ழகரம் ஒருவருக்கு ஓர் எழுத்து, மற்றவருக்கு இரண்டு எழுத்து. இயந்திரத்துக்கு இருவரும் வெவ்வேறு ஆள்.

ஜூன் 15, சனி

மைசூர் சாலையில் ஒரு வேலையாகப் போனேன். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வளாகத்தை பஸ் கடந்தபோது எஸ். ஆர். ரங்கநாதனின் நினைவு வந்தது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1962இல் இதே பெங்களூரில் அந்த நிறுவனத்தின் அங்கமாக ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கி, 1972இல் இங்கேயே மறைந்தார்.

ஒரு காலத்தில் நூலகங்களில் புத்தகத்துக்கு இடத்தை வைத்தே எண் கொடுத்தார்கள்: இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு. அலமாரியை நகர்த்தினால் எண் செத்துப்போகும். 1876இல் வெளிவந்த டூயி பகுப்புமுறை பொருளை வைத்து எண் கொடுக்கும் வழியைப் பரவலாக்கியது. 1933இல் ரங்கநாதன் தந்த கோலன் பகுப்புமுறை அந்த எண்ணுக்குள்ளேயே நூலின் பொருளைக் கூறுகூறாகப் பிரித்து அடுக்கிக் காட்டியது. கட்டடம் மாறினாலும் அந்த எண் நூலோடு போகும்.

நான் ஆறு வருடம் சேமித்ததெல்லாம் அலமாரி எண்கள் என்று பஸ்ஸிலேயே உறைத்தது. இணைப்பைச் சொடுக்கினால் நூல் வந்து நின்றது, அது போதும் என்றிருந்தேன். அந்த இணைப்பு பழைய மென்பொருள் தன் வசதிக்காகப் போட்ட வரிசை எண். மென்பொருள் போனால் அதுவும் போகும்.

வீட்டுக்கு வந்து 141க்கும் நூலகத்தின் பகுப்பு எண், ஆசிரியர், ஆண்டு, பதிப்பிடம் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுத ஆரம்பித்தேன்.

ஜூன் 20, வியாழன்

புதிய தேடல் பெட்டியில் பெங்களூர், பிளேக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. பாதிக்கு மேல் நுண்ணுயிரியல் கட்டுரைகள். எழுதிய விஞ்ஞானிகளின் முகவரியில் பெங்களூர் இருக்கிறது; அதையும் சேர்த்துத் தேடியிருக்கிறது. தேடலைத் தலைப்புக்கும் பொருளுக்கும் மட்டும் சுருக்கிய பிறகுதான் ஊர் தெளிந்தது. 2014 நவம்பர் 1இல் ஊரின் ஆங்கிலப் பெயர் மாறியதால் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். கண்டோன்மென்ட் பக்கத்து அல்சூரையும் ஹலசூரு என்று இன்னொரு முறை.

ஆனால் ஒன்றை நன்றியோடு எழுத வேண்டும். இதுவரை கண்ணில் படாத மூன்று மருத்துவ அறிக்கைகளை இந்தப் புதிய அமைப்புதான் எடுத்துக் கொடுத்தது.

ஜூன் 29, சனி

நாளையோடு பழைய திரை அணைகிறது. 403 பதிவுகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்பது இன்னும் கிடைக்கவில்லை. அவை எவை என்று தெரியும். முதல் நாளே எண்ணி வைத்ததால் தெரியும். நூலகர் அலமாரிக்கே போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வந்து சேர்ந்தவற்றில் கடைசியாக நின்றது பி. எல். ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியரின் திருத்திய பதிப்பு. ஆண்டு 1897. குறிப்பு எழுதாமல் விட்டிருக்கிறேன். பிளேக் வந்தது 1898இல். அதற்கு முந்தைய வருடத்து நூல் பிளேக் பட்டியலில் எதற்கு? நீக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் கேட்காமல் எடுத்துப் புரட்டியபோது 1891 மக்கள்தொகைக் கணக்கின் பக்கங்கள் கண்ணில் பட்டன. அப்போதே நினைவு வந்துவிட்டது. கண்டோன்மென்ட்டையும் சேர்த்து 1891இல் பெங்களூரின் மக்கள்தொகை 1,80,366. 1901இல் அது 1,59,046. இடையில் குறைந்த 21,320 பேரில் இறந்தவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களும் இருக்கிறார்கள். யாரோ முன்கூட்டியே எண்ணி வைத்ததால்தான் அவர்கள் இல்லாமல்போனது இன்று நமக்குத் தெரிகிறது.

பதிவின் அருகில் எழுதினேன்: "நோய்க்கு முந்தைய கணக்கு. இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்."